திப்புவின் வாளும் பரண் மேல் கிடக்கும் பதக்கமும்: போர்க்காலப் பழம்பொருள் ஏலம் பற்றிக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

2023 மே 23 அன்று லண்டன் நியூ பாண்ட் தெருவில் உள்ள போன்ஹாம்ஸ் ஏலக் கூடத்தில் திப்பு சுல்தானின் வாள் ஒன்று 1 கோடியே 40 லட்சத்து 80 ஆயிரத்து 900 பவுண்டுக்கு விலைபோனது. அன்றைய கணக்கில் 140 கோடி ரூபாய்க்கு மேல். ஏலத்துக்கு முன் அவர்கள் போட்டிருந்த மதிப்பு 15 முதல் 20 லட்சம் பவுண்டுதான்.

இப்படி ஒரு செய்தி வந்தால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு எழும். 'நம் பாட்டனார் வைத்திருந்த வாள் ஒன்று பெட்டிக்குள் கிடக்கிறதே, அதற்கு என்ன விலை வரும்?' இந்தப் பேச்சுக்கு நம் மண்ணில் காரணமும் உண்டு. 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் போரில் இறந்தது ஆம்பூரில். ஹைதர் அலி ஆம்பூர் கோட்டையை முற்றுகையிட்டது 1767இல். வேலூர் கோட்டையும் அவர் படையின் நீண்ட முற்றுகையைத் தாங்கிய இடம். 1799இல் திப்பு ஷஹீதான பிறகு அவருடைய மகன்களும் குடும்பத்துப் பெண்களும் கொண்டுவந்து வைக்கப்பட்டதும் இதே வேலூர் கோட்டையில்தான். அமிர்தி மலையடிவாரம் முதல் பாலாறு வரை பழைய இரும்பு இன்றும் எங்காவது வெளிப்பட்டால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

ஆனால் லண்டன் விலைக்கும் நம் வீட்டுப் பெட்டிக்கும் நடுவே வரலாறு, சான்று, சட்டம் என்று மூன்று பெரிய தடைகள் நிற்கின்றன. அவற்றைத் தெரியாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள், சிலர் வழக்கிலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த வாள் லண்டனுக்குப் போன வழி

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படை ஹைதர், திப்பு படைகளிடம் படுதோல்வி அடைந்தது. சிறைபிடிக்கப்பட்டவர்களில் டேவிட் பேர்டு என்ற இளம் அதிகாரியும் ஒருவர். மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் கைதியாகக் கிடந்தார். 1799 மே 4 அன்று அதே ஊரின் கோட்டைச் சுவரை உடைத்து உள்ளே நுழைந்த படைக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். அன்று திப்பு வீழ்ந்தார். அவருடைய அந்தரங்க அறைகளில் கிடைத்த வாளைப் பேர்டுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது வென்ற படை. அதனால் ஆங்கிலத்தில் இதைப் 'படுக்கையறை வாள்' என்று அழைக்கிறார்கள். போர்க்களத்தில் திப்புவின் கையில் இருந்த வாள் இது என்று பகிரப்படும் செய்தி சரியல்ல.

மற்ற பொருட்களின் கதை இன்னும் கசப்பானது. முதல் இரவு முழுக்கக் கொள்ளை. மறுநாள் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி கொள்ளையரில் சிலரைத் தூக்கிலிட்டுத்தான் அதை நிறுத்த முடிந்தது. பிறகு 'பரிசு முகவர்கள்' என்ற பெயரில் அதிகாரிகள் அமர்ந்து, மிச்சமிருந்ததை விலைமதித்து, பதவிக்குத் தக்கபடி பங்கு போட்டார்கள். பொன் தகடு வேய்ந்த புலிச் சிம்மாசனம் இந்தப் பங்கீட்டுக்காகவே துண்டு துண்டாக உடைக்கப்பட்டது. அதன் பெரிய புலித்தலையும் ஹுமா பறவையும் பிரிட்டன் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. சிம்மாசனத்தைச் சுற்றியிருந்த சிறு புலித்தலைகள் தனியார் வீடுகளுக்குப் போய், ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வருகின்றன. 2009இல் ஒன்று 3 லட்சத்து 89 ஆயிரத்து 600 பவுண்டுக்குப் போனது. ஆங்கிலேயச் சிப்பாயைக் கடிக்கும் இசைப்பெட்டிப் புலி 1880 முதல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

வெற்றியைக் கொண்டாடக் கம்பெனி வெளியிட்ட ஸ்ரீரங்கப்பட்டணம் பதக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பர்மிங்ஹாமில் அடிக்கப்பட்டது. பதவிக்கு ஏற்பத் தங்கம், தங்க முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், தகரம் என ஐந்து உலோகங்களில் வந்தது. சிங்கம் ஒன்று புலியை வீழ்த்துவது போன்ற படம், அதற்கு மேலுள்ள கொடியில் அரபியில் 'அஸதுல்லாஹில் காலிப்', அதாவது 'அல்லாஹ்வின் சிங்கம் வெல்லும்' என்ற பொருள்படும் வாசகம். அலீ (ரலி) அவர்களைக் குறிக்கும் இந்தத் தொடரைத் திப்பு தன் ஆயுதங்களில் புலிமுக வடிவில் பொறித்திருந்தார். அவரை வீழ்த்தியவர்கள் அதே சொற்களை எடுத்துத் தங்கள் வெற்றிப் பதக்கத்தில் போட்டுக்கொண்டார்கள். கம்பெனியின் இந்தியச் சிப்பாய்களுக்கும் இந்தப் பதக்கம் தரப்பட்டது. ஆகவே சென்னை மாகாணத்துப் பழைய சிப்பாய்க் குடும்பங்களில் ஒன்றிரண்டு இன்னும் இருக்க வாய்ப்பு உண்டு.

1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தபோது திப்புவின் கொடியை ஏற்றியதும், தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகையும் தாடி மழிக்கும் உத்தரவும் அதற்குக் காரணமானதும் வாசகர்கள் அறிந்ததே. அதன் பின் திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் குடும்பத்துப் பெண்கள் சிலரின் கப்ருகள் வேலூரிலேயே நின்றுவிட்டன. வாளும் துப்பாக்கியும் வென்றவர்களின் வாரிசுகளுக்கும், கப்ருகள் நமக்கும் என்றுதான் அந்தப் பாகப்பிரிவினை முடிந்தது.

ஒரே மன்னரின் பொருள், இரண்டு விலை

2015 ஏப்ரலில் திப்பு காலத்துப் பொருட்கள் 30ஐ போன்ஹாம்ஸ் ஏலம் விட்டது. மொத்தம் 60 லட்சம் பவுண்டைத் தாண்டியது. புலித்தலைப் பிடி வைத்த ஒரு வாள் மட்டும் 20 லட்சத்துக்கு மேல். ஆனால் 2019 மார்ச்சில் பெர்க்ஷயர் பகுதியில் நடந்த ஒரு சிறிய ஏலத்தில், ஒரு வீட்டின் மச்சில் கிடந்து வெளிவந்த திப்பு காலத்து வெள்ளிப் பூண் போட்ட துப்பாக்கி 60 ஆயிரம் பவுண்டுக்குத்தான் போனது. அதனுடன் வந்த பொருட்களில் பழைய பாக்குகளோடு ஒரு பாக்குப் பெட்டியும் இருந்தது என்பது தனிச் சுவை.

இந்த ஏற்றத்தாழ்வுக்குப் பெரிய காரணம் கைமாறிய வரலாறு. பேர்டு வாளுக்கு யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எந்தக் குடும்பத்தில் இருந்தது, எப்போது விற்கப்பட்டது என்ற சங்கிலி அறுபடாமல் இருக்கிறது. வாளிலேயே அன்பளிப்பு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணி காணாமல் போனாலும் விலை சரியும். 'எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்' என்பது ஏலக் கூடத்தில் சான்று ஆகாது. ஆனால் பாட்டனாரின் படைப்பிரிவுச் சீட்டு, ஓய்வூதியப் புத்தகம், சீருடையில் எடுத்த ஒரு புகைப்படம், அவருக்கு வந்த உறையிட்ட கடிதம் ஆகியவை சான்றுகளே. வீட்டைச் சுத்தம் செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இவைதான்.

எழுத்தைப் படிக்கத் தெரிவதும் பணம். திப்பு தன் ஆட்சியில் நபி (ஸல்) அவர்களின் பிறப்பிலிருந்து எண்ணும் மவ்லூதி ஆண்டைக் கொண்டுவந்தார். நாணயங்களில் எண்களையும் வலமிருந்து இடமாகப் பொறிக்கச் செய்தார். ஒரு துப்பாக்கியில் 1222 என்றிருந்தால் அதை ஹிஜ்ரி என்று கொண்டு கி.பி. 1807 எனக் கணக்கிட்டு, 'திப்பு இறந்து எட்டு வருடம் கழித்து எப்படி? இது போலி' என்று ஒதுக்கிவிடலாம். மவ்லூதியில் அது 1794 வாக்கில் வரும். எதிர்த்திசையிலும் ஏமாற்று நடக்கிறது. புலிவரி கீறி, நாலு அரபி எழுத்தைப் பொறித்து, அமிலத்தில் தோய்த்துப் பழசாக்கிய புதுவாள்கள் சந்தையில் ஏராளம். பழைய உருக்கு எஃகின் நீரோட்டம் போன்ற வரி உலோகத்தின் உள்ளிருந்து வருவது. அமிலத்தால் மேலே வரைந்த வரி தேய்த்தால் போய்விடும். இதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்காமல் தேர்ந்தவரிடம் காட்டுவதே நல்லது.

நம் வீடுகளில் உண்மையில் இருப்பவை

திப்புவின் வாள் பெரும்பாலோர் வீட்டில் இருக்கப் போவதில்லை. உலகப் போர்ப் பதக்கங்கள் இருக்கலாம். முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேர் வரை போனார்கள், 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. இரண்டாம் போரில் 25 லட்சம் பேர். நம் தோல் பட்டறைகளும் அதில் சேர்த்தி. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தென்னிந்தியத் தோல் முதல் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்காகவே அரசால் கொள்முதல் செய்யப்பட்டது.

பதக்கம் கிடைத்தால் முதலில் அதன் விளிம்பைப் பாருங்கள். முதல் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் பெற்றவரின் எண், பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் போரின் நட்சத்திரப் பதக்கங்கள் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயரில்லாமல்தான் வந்தன. இந்திய வீரர்களுக்கு வந்தவற்றில் பெயர் உண்டு. ஆகவே பர்மா நட்சத்திரம் ஒன்றில் தமிழ்ப் பெயரோ முஸ்லிம் பெயரோ இருந்தால் அது ஒரு மனிதரின் சரித்திரம். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இணையத்திலேயே இலவசமாகத் தேடலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: முதல் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியில் வந்தது. சண்டையிடாமல் சுமை தூக்கியவர்கள், சமையல்காரர்கள், தொழிலாளர் படையினர் போன்றோருக்கு அதையே வெண்கலத்தில் கொடுத்தார்கள். வெள்ளி விலை ஏறிய காலங்களில் வெள்ளிப் பதக்கங்கள் நிறைய உருக்கப்பட்டன. இருந்தும் இன்று சேகரிப்பவர்கள் வெண்கலத்துக்கே பெரும்பாலும் கூடுதல் விலை தருகிறார்கள், அது குறைவாக அடிக்கப்பட்டதால். சுமை தூக்கியவரின் பதக்கம் என்று வெட்கப்பட்டு ஒதுக்கியவர்கள் வீட்டில் இதைச் சொல்லுங்கள். ஆனால் கோடிகளை எதிர்பார்க்க வேண்டாம். வீரச்செயல் விருதாக இல்லாத சாதாரணப் பதக்கங்கள் பெரும்பாலும் ஆயிரங்களிலேயே நிற்கும்.

மலாயா, சிங்கப்பூர் தொடர்புள்ள குடும்பங்களில் ஜப்பானியர் ஆட்சியின் 'வாழைமரப் பணம்' கட்டுக்கட்டாக இருக்கும். 1942 முதல் 1945 வரை ஓடியது, போர் முடிந்த அன்றே வெற்றுக் காகிதமானது. அதில் ஆரம்பத்தில் வந்த, வரிசை எண் உள்ள தாள்களுக்கே மதிப்பு. எண் இல்லாமல் எழுத்து மட்டும் உள்ளவை எக்கச்சக்கமாக அச்சிடப்பட்டன. பேரப்பிள்ளைகளுக்குக் காட்டத்தான் பயன்படும்.

கடைசியாக, குண்டு. நிலத்தை உழும்போது கிடைக்கும் முழு இரும்பு உருண்டை பீரங்கிக் குண்டாக இருக்கலாம், அது வெடிக்காது. உள்ளே கூடாக இருப்பது, முனையில் திருகு உள்ளது, செப்பு வளையம் போட்ட நீள்வடிவக் குண்டு எதையும் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், காயலான் கடைக்குக் கொண்டு போகவே கூடாது. 112க்கு அழையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972இல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 1976இல். நூறு ஆண்டு கடந்த பொருள் தொல்பொருள். கையெழுத்துப் பிரதிக்கு 75 ஆண்டே போதும். இதை மத்திய அரசோ அது அனுமதித்த அமைப்போ தவிர வேறு யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. ஆகவே துபாய்க்கோ லண்டனுக்கோ போகும் மகனின் பெட்டியில் பழைய குத்துவாளைப் போட்டு அனுப்புவது விளையாட்டல்ல. லண்டன் ஏல விலையை நம் ஊர் வாளுக்கு ஒப்பிட முடியாததும் இதனால்தான். அந்த வாள்கள் 1799இலேயே வெளியே போனவை, நம்முடையது வெளியே போகவே முடியாது. உள்நாட்டுச் சந்தை சிறியது. நூறு ஆண்டு ஆகாத பொருளை வெளியே எடுத்துச் செல்ல இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று வாங்கலாம்.

உள்நாட்டில் சொந்தப் பொருளை விற்கத் தடையில்லை. அதையே தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். மும்பையின் டோடிவாலா, பெங்களூரின் மருதர் ஆர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் நாணயம், பணத்தாள், பதக்கங்களை முறையாக ஏலம் விடுகின்றன.

மண்ணுக்கடியில் கிடைத்ததற்குச் சட்டம் வேறு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். நிலம் உங்களுடையது என்பதால் புதையலும் தானாக உங்களுடையது ஆகாது.

பழைய துப்பாக்கியில் கவனம் கூடுதலாக வேண்டும். 1959 ஆயுதச் சட்டம், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருள் ஆயுதத்துக்கு விலக்கு அளிக்கிறது. அது உண்மையிலேயே சுடாது என்று தீர்மானிப்பவர் நீங்கள் அல்ல. உரிமம் வைத்திருந்தவர் இறந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டுப் பிறகு வாரிசுகள் உரிமத்துக்கு விண்ணப்பிப்பதே முறை. தந்தப் பிடி போட்ட கத்தி, புலிநகம் வைத்த அணி எவ்வளவு பழசானாலும் விற்கவே முடியாது. வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது.

தரகர் யாராவது 'வெளிநாட்டுப் பார்ட்டி ரெடி, சோதனைக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அரிசி இழுக்கும் கலசம், இரிடியம் என்று தமிழ்நாட்டில் பணத்தை இழந்த கூட்டம் கொஞ்சமல்ல. அதே ஆட்கள் இன்று கம்பெனிக் கால வாள், கம்பெனிக் காசு என்று வருகிறார்கள். நேர்மையான ஏல நிறுவனம் கழிவுத் தொகையை விற்ற பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். சுத்தியல் தட்டும் விலைக்கு மேல் வாங்குபவரும் நிறுவனத்துக்குத் தனிக் கட்டணம் கொடுப்பார். செய்தியில் வரும் தொகை பெரும்பாலும் அதையும் சேர்த்ததே. இந்த விலைக்குக் கீழே விற்க வேண்டாம் என்று நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவும் முடியும்.

வாள் யாருடையது?

ஏலம் மார்க்கத்தில் கூடும். நபி (ஸல்) அவர்கள் தேவையுள்ள ஓர் அன்சாரித் தோழரின் விரிப்பையும் பாத்திரத்தையும் கூடுதல் விலை கேட்டவருக்கு விற்றுக் கொடுத்த செய்தியை ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. கூடாதது 'நஜ்ஷ்', அதாவது வாங்கும் எண்ணம் இல்லாமல் விலையை ஏற்றிவிட ஆளை வைத்துக் கேட்க வைப்பது. பிடி மாற்றியதை, ஒட்டுப் போட்டதை மறைத்து விற்பதும் அதே வகைதான்.

அதைவிட நம் குடும்பங்களில் பிரச்சினையாவது உரிமை. பாட்டனாரின் வாள் மூத்த மகன் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்பதற்காக அது அவருக்குச் சொந்தமாகிவிடாது. அது மய்யித்தின் சொத்து. வீடு, நிலம் போலவே எல்லா வாரிசுகளுக்கும் அதில் பங்குண்டு, மணமுடித்துப் போன பெண்மக்கள் உட்பட. வாளைத் துண்டாக்க முடியாது. விற்றுப் பணத்தைப் பிரிக்கலாம், அல்லது ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு மதிப்பின்படி கொடுக்கலாம், அல்லது எல்லோரும் மனமொப்பி அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். வேலூர் கோட்டைக்குள்ளேயே அரசு அருங்காட்சியகம் உள்ளது. எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். பல ஏல நிறுவனங்கள் எல்லா வாரிசுகளின் சம்மதக் கையெழுத்தையும் கேட்கும். பின்னால் ஒரு சகோதரி வழக்குப் போட்டால் விற்பனையே நின்றுவிடும்.

திப்புவின் பொருட்களைச் சட்டப்படி திரும்பக் கேட்க முடியுமா என்றும் பலர் கேட்கிறார்கள். 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை அதற்கு முன் நடந்த கொள்ளைக்குப் பொருந்தாது. தொழிலதிபர் விஜய் மல்லையா லண்டன் ஏலத்தில் திப்புவின் வாள் ஒன்றை வாங்கியதாக 2004இல் அறிவித்தபோது நாடே மகிழ்ந்தது; பிறகு அதை அவர் யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. வேடிக்கை என்னவென்றால், சிம்மாசனப் புலித்தலை ஒன்றை 2021இலும், திப்புவின் வேட்டைத் துப்பாக்கி ஒன்றை 2023இலும் தன் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று தற்காலிகமாகத் தடுத்தது பிரிட்டன் அரசு. முதலாவதின் மதிப்பு 15 லட்சம் பவுண்டு, இரண்டாவது 20 லட்சம்.

தேய்க்காதீர்கள்

விற்பதோ வைத்துக்கொள்வதோ, பொருளைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். உப்புக் காகிதம் போட்டு வாளைத் தேய்த்தால் துரு மட்டுமல்ல, தங்கக் கம்பி எழுத்தும் போய்விடும். பதக்கத்தைப் புளி, பாலிஷ் போட்டு மின்ன வைக்காதீர்கள். கருத்த மேற்பரப்பும் பழைய நாடாவும் சேர்ந்ததுதான் மதிப்பு. கையுறை போட்டுத் தொடுங்கள், உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றுங்கள்.

வாளுறை, பெல்ட், தோட்டாப் பை போன்ற தோல் சாமான்களுக்கு எண்ணெய் பூசும் பழக்கம் நம் ஊரில் அதிகம். தாவரப் பட்டையில் பதனிட்ட பழைய தோல் செம்பொடியாக உதிர ஆரம்பித்தால் எண்ணெய் அதைக் காப்பாற்றாது, கறுத்து இறுகித்தான் போகும். அதைச் செருப்பு போலப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதும் தவறு, பூஞ்சை பிடிக்கும். அமிலமில்லாத காகிதத்தில், காற்றோட்டமான அலமாரியில், வெயில் படாமல் படுக்கை வாட்டில் வையுங்கள். வாளை உறைக்குள்ளேயே வருடக்கணக்கில் விடாமல் தனியாக எடுத்து வையுங்கள். தோலில் தங்கும் ஈரமும் அமிலமும்தான் உள்ளிருக்கும் இரும்பை முதலில் தின்கின்றன.